அங்கே மட்டும் ஏன் விலை குறைவு?

மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ சென்னைக்கு மாற்றலாகி வருகிறவர், ஓரிரு வருடம் வாடகை கொடுத்துப் பார்த்துவிட்டு, ‘இதையே இ.எம்.ஐ.யாகக் கட்டினால் வீடாவது மிஞ்சுமே’ என்று யோசிக்கத் தொடங்குகிறார். அவருக்குக் கைக்கு வருகிற சம்பளம் மாதம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதத்தை, அதாவது 32,000 ரூபாயைத் தவணைக்கு ஒதுக்கினால், 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஏறக்குறைய 37 லட்சம் கடன் கிடைக்கும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, அவர் 46 லட்ச ரூபாய் வீட்டுக்கு மேல் கண் வைக்க முடியாது. அதற்கே கைக்காசு 9 லட்சம் வேண்டும். மனை, மறுவிற்பனை வீடு என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று பத்திரச் செலவு மட்டும் இன்னொரு 4 லட்சம். அதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். புது ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. ஆனால் வேலை முடியாத கட்டடமாக இருந்தால் ஜி.எஸ்.டி. வரி வந்து அந்தச் சலுகையைச் சாப்பிட்டுவிடும். விலை 45 லட்சத்துக்குள்ளும் உள்ளளவு 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் அது 1 சதவீதம், தாண்டினால் 5.

46 லட்சத்தை வைத்துக்கொண்டு மயிலாப்பூரிலும் அண்ணா நகரிலும் இரண்டு படுக்கையறை வீடு தேடுவது வீண்வேலை. புரோக்கர் போனிலேயே பட்ஜெட்டைக் கேட்டுக்கொண்டு, “அப்ப கூடுவாஞ்சேரி சைடு பாத்துடலாம் சார்” என்பார். இல்லாவிட்டால் திருநின்றவூர், இல்லாவிட்டால் மீஞ்சூர். தேடல் எங்கே தொடங்கினாலும் ஊருக்கு வெளியேதான் போய் நிற்கிறது. அங்கே போனதும் எல்லோரும் கேட்கிற கேள்வி, எவ்வளவு குறைப்பீர்கள் என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. இந்த இடத்தில் விலை ஏன் குறைவாக இருக்கிறது?

பொருளாதாரத்தில் இதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. ஜெர்மானிய நிலக்கிழார் ஃபான் துய்னன் 1826-லேயே சந்தையிலிருந்து விலக விலக நிலத்தின் குத்தகை குறைவதற்குக் கணக்குப் போட்டார். அமெரிக்கரான வில்லியம் அலோன்சோ 1964-ல் அதை நகரத்துக்குப் பொருத்தினார். நகர மையத்திலிருந்து தள்ளிப் போகிறவர் நிலத்தில் மிச்சம் பிடிக்கிற பணத்தைப் போக்குவரத்தில் கொடுக்கிறார் என்பது அதன் சாரம். சந்தை சரியாக வேலை செய்தால் இரண்டும் ஏறக்குறைய நேராகிவிடும். தூரத்தினால் மட்டும் மலிவாக இருக்கிற இடம், உண்மையில் மலிவே இல்லை.

சிகாகோவிலுள்ள அக்கம்பக்கத் தொழில்நுட்ப மையம் இதிலிருந்து ஓர் அளவுகோல் செய்தது. வீட்டுச் செலவும் பயணச் செலவும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்தப் பகுதி கட்டுப்படியாகும் என்பது அது. அமெரிக்கக் கணக்கு என்று ஒதுக்கிவிடாமல் நம் ஆளுக்குப் போட்டுப் பார்க்கலாம். 80,000-ல் 45 சதவீதம் 36,000. தவணை 32,000 போக, பயணத்துக்கு மிச்சம் 4,000. கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு ஒரு நடை சுமார் 30 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடுகிற பைக்கில் தினமும் போய்வந்தால் ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற பெட்ரோலில் மாதம் 3,300 ரூபாய் தாண்டும். மனைவியும் வேலைக்குப் போனால், பிள்ளைக்குப் பள்ளி வேன் வைத்தால், அந்த 4,000 பத்தாம் தேதிக்குள் காணாமல் போகும். அதே ஆள் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு வாங்கியிருந்தால் மாதச் சீசன் டிக்கெட்டோடு கதை முடிந்தது. சில நூறு ரூபாய். மனை விலையில் சதுர அடிக்கு நூறு இருநூறு பேரம் பேசுகிறவர்கள், ஸ்டேஷனிலிருந்து அந்த மனை எவ்வளவு தூரம் என்பதை அதே கறாரோடு அளப்பதில்லை.

பணத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தாலும் கணக்கு இப்படித்தான் வருகிறது. ஸ்விட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் புருனோ ஃப்ரையும் அலோயிஸ் ஷ்டுட்சரும் ஜெர்மனியின் குடும்ப ஆய்வுத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். நெடும்பயணம் போகிறவர்களுக்குக் கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அதற்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டும் என்பது கோட்பாடு. ஆனால் பயணம் நீண்டவர்கள் வாழ்க்கையில் திருப்தி குறைந்தவர்களாகவே இருந்தார்கள். வீடு வாங்கும்போது கூடத்தின் அகலம் கண்ணுக்குத் தெரிகிறது. 20 வருடக் காலைகள் தெரிவதில்லை. தூரம் என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே கொடுமையான சாட்சி இருக்கிறது. கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து 2000-க்குப் பிறகு கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுக்காக விலை பேச வேண்டியிருக்கவில்லை. ஆனால் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இருட்டோடு பஸ் ஏற வேண்டியதாயிற்று. பலர் வேலையையே விட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்துப் போகவில்லை. காசு கொடுத்துப் போகிறவர்களாவது அந்த அனுபவத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

தூரம் ஒரு காரணம். விலை குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவை எல்லாம் ஒரே ரகமும் இல்லை. சில இடங்களில் இன்னும் வசதி வந்து சேரவில்லை, அதனால் மலிவு. சில இடங்களில் ஒரு குறை இருக்கிறது, அது போகப்போவதே இல்லை, அதனால் மலிவு. முன்னதில் பொறுமையுள்ளவருக்கு லாபம். பின்னதில் எவ்வளவு பொறுத்தாலும் நஷ்டம். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், இரண்டுமே ‘சென்னைக்கு மிக அருகில்’ இருக்கும். அச்சிறுபாக்கமும்கூட அந்த அருகில்தான்.

வராத வசதிக்கு முகப்பேர் நல்ல உதாரணம். வீட்டு வசதி வாரியம் அங்கே மனை பிரித்தபோது, ‘அந்தக் காட்டுக்கா போறீங்க?’ என்று சொந்தக்காரர்கள் கேட்ட கதை அங்குள்ள பழைய குடும்பங்கள் பலவற்றிலும் உண்டு. அண்ணா நகரே 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்குத் திடலாக இருந்த இடம்தான். சாலை வந்தது, பஸ் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, விலையும் வந்தது. இன்று புரோக்கர்கள் எல்லோரும் இந்தக் கதையைத்தான் விற்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுகிற சங்கதி ஒன்று: அண்ணா நகரும் முகப்பேரும் வாரியம் திட்டமிட்டுச் சாலையும் சாக்கடையும் இடம் விட்டுப் பிரித்த இடங்கள். இன்றைய புறநகரில் நாலு ஏக்கர் லே-அவுட் ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்றின் 30 அடிச் சாலை அடுத்ததின் மதில் சுவரில் போய் முட்டி நிற்கும். பாதாளச் சாக்கடை வரும்வரை செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியும்தான். தண்ணீர் லாரிக்கு மாதாமாதம் தனிப் பட்ஜெட். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையோரம் பளபளப்பான அடுக்ககங்கள் பலவும் லாரித் தண்ணீரில் ஓடுகிறவை. 2019 கோடையில் அந்த லாரிகளுக்கே தட்டுப்பாடு வந்தபோது நீச்சல் குளம் இருக்கிற வளாகத்தில் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் அலைந்தார்கள். ஃபிளாட் பார்க்கப் போகிறவர் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறார். அதில் தண்ணீர் சேர்த்தியா, மே மாதத்தில் எவ்வளவு வந்தது என்று கேட்டால் அலுவலக அறையில் ஒரு நிமிடம் அமைதி நிலவும்.

போகாத குறைகளில் முதலாவது தாழ்வான நிலம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. அடுத்த சில வருடங்களில் அங்கே வெட்டிய கால்வாய்களும் மூடுகால்வாய்களும் கொஞ்சம் உதவின. ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி படகுதான். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமும் அதே கதை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குப் புதிய கட்டட அனுமதி கூடாது என்று நிறுத்திவைத்தது. வீடு வாங்கியபோது யாரும் சொல்லாத ஒரு கோடு, பிறகு வீட்டைச் சுற்றி விழுகிறது.

தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க வரைபடம் தேவையில்லை. தெருவில் நடந்தால் போதும். அடுத்தடுத்த வீடுகளின் படிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 2010-க்கு முன் கட்டிய வீட்டுக்கு இரண்டு படி, அதற்குப் பக்கத்திலேயே 2016-க்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு ஏழு படி என்றால், கட்டியவர் எதையோ பார்த்துவிட்டுக் கட்டியிருக்கிறார். புது வீட்டின் கீழே வெறும் தூணும் கார் நிறுத்தமும் மட்டும் இருந்தால் அதுவும் சாட்சிதான். சென்னையில் வீட்டை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைக் கொடுத்து, அங்குலம் அங்குலமாக மூன்று நான்கு அடி உயர்த்துவார்கள். ஒரு தெருவில் அப்படி உயர்த்திய வீடு இரண்டு இருந்தால் அந்தத் தெருவைப் பற்றி வேறு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடுகிற வழக்கத்தால் மழைக்குத் தாழாத வீடுகள்கூடச் சாலைக்குத் தாழ்ந்து போயின. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்த வேண்டிய நிலை. வாசலில் நின்று பார்த்தால் சாலை முழங்காலுக்கு மேலே இருக்கிற வீடுகளை நகரத்துக்குள்ளேயே காணலாம். அக்கம்பக்கத்துச் சொந்தக்காரர்கள் தண்ணீர் வந்ததை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் வீட்டு விலையும் அதில்தான் இருக்கிறது. மாவு விற்கிறவரும் இஸ்திரிக்காரரும் சொல்வார்கள்.

இரண்டாவது குறை பத்திரத்தில் இருக்கும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அதன் பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. அதுவரை விவசாய நிலத்தில் கல் நட்டு விற்றதெல்லாம் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. அரசின் திட்டமிடல் அமைப்புகளான சி.எம்.டி.ஏ.வோ டி.டி.சி.பி.யோ ஒப்புதல் தராத மனைப்பிரிவுக்கு ஊராட்சித் தலைவரின் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. இன்றும் பக்கத்து மனையைவிட நாலு லட்சம் குறைத்து ஒருவர் தருகிறார் என்றால் முதலில் வரன்முறை ஆணையைக் கேட்க வேண்டும். பட்டா, அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று எல்லாமே இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே புறம்போக்கு என்றோ நீர்நிலை என்றோ இருந்துவிட்டால், மேலே எத்தனை மாடி இருந்தாலும் கீழே எதுவும் உங்களுடையது இல்லை. 500 சதுர மீட்டரையோ எட்டு வீட்டையோ தாண்டுகிற திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இந்த 10 சதவீத விதியைச் சொன்னவுடன் முகம் மாறுகிற விற்பனையாளரை விட்டு விலகுவது நல்லது.

இன்னும் ஒரு வகை உண்டு. உண்மையில் மலிவே இல்லாமல், வரப்போகிற வசதியின் விலையை இன்றே சேர்த்துக்கொண்டு மலிவு வேடம் போடுகிற இடங்கள். 2022-ல் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று அறிவிப்பு வந்ததும் சுற்றுவட்டார மனை விளம்பரங்களில் விமானம் பறக்கத் தொடங்கிவிட்டது. விமான நிலையத்துக்குக் கேட்கப்பட்ட தங்கள் நிலத்துக்காக ஏகனாபுரத்து ஜனங்கள் போராடிக்கொண்டிருந்த அதே நாட்களில், ‘ஏர்போர்ட்டுக்குப் பத்து நிமிடம்’ என்று தட்டிகள் வைத்திருந்தார்கள். திட்டம் ஒருநாள் வரும் என்றே வைத்துக்கொண்டாலும், எந்த நாள்? வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் போக வேண்டிய தூரம் 5 கிலோமீட்டர். 2008-ல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் நிலம் வழக்கில் சிக்கி 15 வருடத்துக்கு மேல் இழுத்தது. அந்த ரயிலை நம்பி 2008-ல் 20 வருடக் கடன் வாங்கினவர், முக்கால்வாசித் தவணையை ரயில் இல்லாமலே கட்டி முடித்திருப்பார். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தது, ஆனால் பக்கத்திலேயே ஓடுகிற மின்சார ரயிலுக்கு அங்கே ஒரு நிலையம் அப்போது இல்லை. என் கட்சி இதுதான்: இன்றைக்கு ஓடுகிற ரயிலுக்குக் காசு கொடுக்கலாம், ஓடப்போகிற ரயில் இனாமாக வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தச் சல்லடையில் போட்டுப் பார்த்தால் தென்புறம் ஜி.எஸ்.டி. சாலையும் மேற்கே திருவள்ளூர் ரயில் பாதையும் ஓ.எம்.ஆரைவிடச் சாதாரணச் சம்பளக்காரருக்குப் பொருந்தி வருகின்றன. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் ஒருபக்கம். பட்டாபிராம், திருநின்றவூர், செவ்வாப்பேட்டை மறுபக்கம். தாம்பரத்துக்கு அப்பால் வண்டி குறைவு, உட்கார இடம் கிடைக்காது. ஆனாலும் வண்டி இருக்கிறது. மறைமலை நகர் 1980-களில் துணை நகரமாகவே திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்பதால் தெருக்கள் நேராக இருக்கும். அது சிறிய விஷயமில்லை. மேற்குப் பாதைக்கு ஒரு விசேஷம், மக்கள் நினைக்கிறதைவிட அது பக்கம். பட்டாபிராமில் 2024-ல் டைடல் பூங்கா திறந்த பிறகு அந்த ரகசியமும் வெளியே வந்துவிட்டது.

வடசென்னை தனிக் கேள்வி. விம்கோ நகர் வரை 2021-லிருந்து மெட்ரோ ஓடுகிறது. மின்சார ரயில் உண்டு, கடற்கரை உண்டு, நகர மையமும் தூரமில்லை. இருந்தும் தெற்கில் இதே வசதியுள்ள இடத்தைவிட விலை குறைவு. காரணத்தில் பாதி நிஜம்: மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளின் காற்று. 2023 டிசம்பரில் மட்டும் எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு, அந்த மாதக் கடைசியில் அமோனியா கசிவு. மீதிப் பாதி நினைப்பு: அந்தப் பக்கத்து மனிதர்களைப் பற்றிச் சினிமா கட்டி வைத்த நினைப்பு. காற்றுக்காக விலை குறைந்த தெருவையும் நினைப்புக்காக விலை குறைந்த தெருவையும் பிரித்தறியத் தெரிந்தவருக்குச் சென்னையில் இன்னும் உண்மையான மலிவு இருக்கிறது. பெரம்பூரும் வியாசர்பாடியும் ஒரே காற்றை எண்ணூரோடு பகிர்வதில்லை.

ஊருக்கு வெளியே போகாமலே ஒரு வழியும் உண்டு: 25, 30 வருடப் பழைய ஃபிளாட். நங்கநல்லூரிலும் கொளத்தூரிலும் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி வீடுகள், புது ஃபிளாட்டைவிடச் சதுர அடி விலையில் கணிசமாகக் குறைவு. வங்கி கடன் காலத்தைக் குறைக்கும், அதனால் தவணை ஏறும். வயரிங்கும் குழாய்களும் மாற்ற வேண்டும். ஆனால் அந்தக் காலத்துக் கட்டடங்களில் நிலத்தின் பிரிபடாத பங்கு தாராளமாக இருக்கும். இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் போதும் என்று 2022-ன் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் சொல்வதால் அந்தப் பங்குக்கு இப்போது பொருள் கூடியிருக்கிறது.

யாருக்கு எந்த இடம் என்பதை இதற்கு மேல் பொதுவாகச் சொல்ல முடியாது. இரவு ஷிஃப்ட் போகிற பெண்ணுக்கு ஒன்பது மணிக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஓடுகிறதா என்பதே விலை. மூட்டுவலிக்காரத் தாயாரோடு இருப்பவருக்கு 24 மணி நேர மருத்துவமனை. சில தெருக்களில் சாதியோ மதமோ தெரிந்த பிறகு வீடு ‘இப்போதுதான் பேசி முடிந்துவிட்டது’ ஆகும். அந்தக் குடும்பங்களுக்குத் தேர்வுப் பட்டியல் மற்றவர்களுக்கு இருப்பதைவிடச் சின்னது, மலிவு என்ற பேச்சில் இது வருவதே இல்லை.

எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு யோசனை உண்டு, புரோக்கர்களுக்குப் பிடிக்காது. வாங்க நினைக்கிற தெருவிலேயே முதலில் வாடகைக்குப் போவது. புறநகரில் 46 லட்சம் மதிப்புள்ள வீட்டின் வாடகை பெரும்பாலும் 15,000-ஐத் தாண்டாது, தவணையில் பாதிகூட இல்லை. வாடகை ஒப்பந்தம் வழக்கமாகப் போடுவது 11 மாதத்துக்கு. ஜூலையில் குடிபோனால் வடகிழக்குப் பருவமழையையும் மே மாதத் தண்ணீரையும் பார்த்துவிடலாம். செலவு ஒன்றரை லட்சத்துச் சில்லறை. வாங்கிவிட்டு இரண்டு வருடத்தில் ஒத்துவராமல் விற்கிறவருக்குப் பத்திரத்துக்குப் போன 4 லட்சம் திரும்பாது. அதுவரை கட்டிய 7 லட்சத்து 68 ஆயிரத்தில் 6 லட்சத்துக்கு மேல் வட்டிக்கே போயிருக்கும். விலை ஏறியிருந்தால் அதில் கொஞ்சம் மீளும். தண்ணீர் ஏறிய தெருவில் விலை அவ்வளவு சீக்கிரம் ஏறாது.